கப்பலின் குழந்தைகள் அறையில் அடித்த மணி

என் கணவர் குன்னத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால், விற்பனை நன்றாக நடந்த கடைக்காரர்களைக் குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போகிறோம் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏழு குடும்பங்கள். சென்னையில் ஏறி மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்க வேண்டும். நடுவில் போய்ப் பார்க்கிற ஊர் எதுவும் கிடையாது.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

நான் பக்கத்து ஊரில் அங்கன்வாடி டீச்சர். என் மையத்தில் பதினெட்டுப் பிள்ளைகள். மாதாமாதம் எடை பார்ப்பேன், உயரம் அளப்பேன். எந்த வயதில் குழந்தை குப்புற விழ வேண்டும், எந்த வயதில் நடக்க வேண்டும், எந்த வயதில் எத்தனை வார்த்தை பேச வேண்டும் என்று படம் போட்ட தாள் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு குழந்தை பின்தங்கினால் அதன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவேன். தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை நான் திட்டிய திட்டு ஊருக்கே தெரியும்.

பாப்பா அப்போது இரண்டே சத்தம் போடுவாள். ஒன்று ‘ம்மா’ மாதிரி இருக்கும். இன்னொன்று எதைப் போலவும் இருக்காது. கணவரும் நாலு வயது வரைக்கும் வாயே திறக்கவில்லையாம், அவருடைய அம்மா சொல்வார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மற்றபடி பாப்பா கெட்டிக்காரி. மையத்துக்கு என்னோடு வந்துவிடுவாள். பிள்ளைகள் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள், கைதட்டினால் தட்டுவாள். நான் முட்டை உரிக்க உட்கார்ந்தால் ஓடிப்போய்த் தட்டு எடுத்து வருவாள். இந்தப் புள்ள பேசலன்னா என்ன, எல்லாம் புரியுது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு பெரிய கூடத்தில் நிற்கவைத்தார்கள். ஆபத்து வந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதற்கு ஒத்திகை. மிதவைச் சட்டையை எப்படிப் போடுவது என்று ஒருவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே ஊதல் ஊதியது. விட்டு விட்டு ஏழு முறை, கடைசியாக நீளமாக ஒன்று. என் காது அடைத்துவிட்டது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை குழந்தைகளும் வீறிட்டன. எங்களோடு வந்த ஜெயங்கொண்டத்துக்காரர் மகன் ஐந்து வயதுப் பையன், அவனே அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துவிட்டான். பாப்பா மட்டும் என் இடுப்பில் இருந்தபடி அழுகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. எங்கள் குழுவில் இருந்தவர்களிடம் எல்லாம், எம் பொண்ணு அசையல பாருங்க என்று சொன்னார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை குழந்தைகள் அறையைத் தேடிக்கொண்டு போனோம். மூன்று வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாம். அதற்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்க வேண்டும் என்றார்கள். கணவர் மற்றவர்களோடு மேல்தளத்துக்குப் போய்விட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நானும் இதே வேலை பார்க்கிறவள்தானே. தரை முழுக்க மெத்தென்ற விரிப்பு. என் முழங்கால் உயரத்தில் கை கழுவும் தொட்டி, அதில் குழந்தை கைக்கு எட்டுகிற குழாய். விளையாடி முடித்த பொம்மைகளை ஒருத்தி துணியில் மருந்து தொட்டுத் துடைத்து வேறு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் நான்கு பெரிய தட்டுகளில் அரிசி. சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் போட்ட அரிசி. குழந்தைகள் அதைக் கப்பில் அள்ளி, புனலில் ஊற்றி, கீழே கொட்டி விளையாட வேண்டுமாம். நான் தினமும் கிராம் கணக்குப் பார்த்து அரிசி அளந்து உலையில் போடுகிறவள். இவ்வளவு அரிசியை மண் மாதிரி கொட்டி வைத்திருக்கிறார்களே என்று அப்படியே நின்றுவிட்டேன்.

பொம்மை துடைத்துக்கொண்டிருந்தவள்தான் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். மலையாளப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தமிழ் ஓரளவு பேசினாள். என்னைச் சேச்சி என்றாள். ஆறேழு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் என்னென்னவோ செய்தாள். வட்டமான பெரிய வண்ணத் துணியின் விளிம்பை அம்மாக்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டு மேலே தூக்க, குழந்தைகள் அதற்கடியில் ஓடின. சோப்புக் குமிழிகளை ஊதிப் பிடிக்கவிட்டாள். பாப்பா எல்லாவற்றிலும் முதலில் நின்றாள். இந்த விளையாட்டையெல்லாம் மையத்தில் எப்படிச் செய்யலாம், துணிக்குப் பழைய சேலை போதுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பாட்டுப் போட்டு ஆடவிட்டாள். பாட்டு நின்றால் சிலை மாதிரி நிற்க வேண்டும். பாட்டு நின்றது, பிள்ளைகள் நின்றன. பாப்பா கொஞ்சம் பிந்தி, மற்றவர்களைப் பார்த்துவிட்டு நின்றாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். சின்னவள், அதனால் பிந்துகிறாள் என்று நினைத்தேன். அடுத்த விளையாட்டில் திரைக்குப் பின்னால் மாடு கத்துகிற சத்தம், ஆடு கத்துகிற சத்தம் எல்லாம் வரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். பாப்பாவும் ஓடினாள். எல்லோருக்கும் கடைசியில், எல்லோரும் ஓடுகிற பக்கம்.

அதற்கு அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் போனோம். அன்றைக்கு வேறு குழந்தைகள் குறைவு. பாப்பா அரிசித் தட்டின் முன்னால் உட்கார்ந்து நீல அரிசியைப் புனலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே இருந்தேன். அந்தப் பெண் சத்தமில்லாமல் வந்து பாப்பாவுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்ன மணி. பாப்பாவின் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி அதை ஆட்டினாள். பிறகு இடது பக்கம். பிறகு மணியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். பலமாகத்தான் தட்டினாள். அறையின் அந்தக் கோடியில் இருந்த ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது.

பாப்பா திரும்பவில்லை. கப்பில் இருந்த அரிசி முழுவதும் இறங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “சேச்சி, ஒரு காரியம் கேட்டா கோவிக்கக் கூடாது. மோளுக்குச் செவி கேக்குமோ?”

எனக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சூடானது. விளையாட்டில் கவனமாக இருக்கிறாள், அதனால் திரும்பவில்லை என்றேன். அவள் தலையசைத்தாள், ஆனால் விடவில்லை.

“நேத்தும் நோக்கினேன். மோள் உங்க கண்ணைப் பாக்கறதில்ல சேச்சி. வாயைத்தான் பாக்குது.”

நான் என்ன சொன்னேன் என்பதை முழுதாக இங்கே எழுத எனக்கு மனமில்லை. நான் எத்தனை வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறவள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். நீ பொம்மை துடைக்கிற வேலையைப் பார் என்று முடித்தேன். அதோடும் நிற்கவில்லை. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மேற்பார்வைக்காரரிடம் போய், உங்கள் ஆள் என் குழந்தையைக் குறை சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் அறை மூன்று தளம் கீழே இருந்தது. லிப்டில் இறங்கும்போதே எனக்கு முதல் நாள் ஊதல் ஞாபகம் வந்தது. அத்தனை பிள்ளைகளும் அழுதபோது பாப்பா கண்கூட இமைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. லிப்டுக்குள்ளேயே சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அறையில் பாப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, ஒரு டப்பாவையும் மூடியையும் கொடுத்தேன். அவள் மூடியைத் திருகத் தொடங்கியதும் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தண்ணீர் பாட்டிலை மேசையில் ஓங்கி அடித்தேன். பிறகு தொட்டேன். தொட்டவுடன் திரும்பி முகம் மலரச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குழந்தையை நான் எப்போதுமே தொட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறேன். தோளில் தட்டுவேன், முகத்துக்கு நேரே போய்க் கையாட்டுவேன். அது எப்போது பழக்கமானது என்று எனக்கே தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த கணவர், நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் அவரும் கதவுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். கடைக்கு வெளியே லாரி நின்றால் உள்ளேயிருந்து டிரைவரைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் கூப்பிட்டார். பாப்பா டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஊருல உள்ள புள்ளைய எல்லாம் பாக்குறவ நீ. நம்ம புள்ளைக்குக் காது கேக்கலங்கறது உனக்குத் தெரியலையா?” என்றார்.

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்களும்தானே கூட இருந்தீங்க என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. சொன்னபோது அவர் ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மேல்தளத்தில் எங்கள் குழு ஆட்டம் பாட்டம் என்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அறையை விட்டு வெளியே வரவில்லை. யாரோ கதவைத் தட்டி, டீச்சருக்குக் கடல் ஒத்துக்கலையா என்று கேட்டார்கள். ஆமாங்க, தலைசுத்தல் என்று கணவர் சொல்லியனுப்பினார்.

இறங்கும் நாள் காலையில், பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டு நான் மட்டும் குழந்தைகள் அறைக்குப் போனேன். கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. உள்ளே அவள் அரிசித் தட்டுகளை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததும் தயங்கித்தான் வந்து கதவைத் திறந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். நீ சொன்னது சரிதான்மா என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விருந்தினர்களிடம் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவளுக்கு மேலே உள்ளவர் கண்டித்தாராம். இனிமேல் சொல்ல மாட்டாயா என்று கேட்டேன்.

“சொல்லுவேன் சேச்சி,” என்றாள். “கண்டா சொல்லாம இருக்கான் பற்றுமோ? முடியாது சேச்சி.”

பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். சட்டையில் பெயர் எழுதிய வில்லை இருந்திருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் திருச்சியில் காட்டலாம் என்று முடிவு செய்தோம். அதற்காகப் பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களைப் பீரோவிலிருந்து எடுத்தேன். பிளாஸ்டிக் கவரில் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சின்னத் தாள் இருந்தது. பிறந்த மூன்றாம் நாள் எடுத்த காது சோதனையின் தாள். சோதனையில் சரியாகத் தெரியவில்லை, ஒரு மாதம் கழித்துக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவரவும் என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்தத் தாளே ஞாபகம் இல்லை. அந்த ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்று யோசித்தேன். எனக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. கடை அப்போதுதான் இடம் மாறியது. போக வேண்டும் என்று யார் யாரிடம் சொன்னார்கள் என்பதுகூடத் தெரியவில்லை. தாளை மடித்து அதே இடத்தில் வைத்தேன். அட்டையைத் தொலைத்துவிட்டு என் முன்னால் தலைகுனிந்து நின்ற அம்மாக்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் தொலைக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்து, படிக்காமல் விட்டிருந்தேன்.

லீவு முடிந்து மையத்துக்குப் போன முதல் நாள், சமையலும் உதவியும் பார்க்கிற அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னை விடப் பத்து வயது மூத்தவர். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் அழுவார், ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு வருசமாவே சந்தேகம் இருந்துச்சு டீச்சர்,” என்றார். “குக்கர் விசில் அடிச்சா எல்லாப் புள்ளையும் திரும்பும். பாப்பா திரும்பாது. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்னு இருந்துட்டேன்.”

கப்பலில் அந்தப் பெண் கேட்டபோது எனக்குச் சூடாக இருந்தது. இப்போது உடம்பு சில்லிட்டுவிட்டது. ஒரு வருடம். தினமும் ஒரே அடுப்படியில், கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தவர். அவரைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது கப்பலிலேயே தெரிந்துவிட்டது.

அன்று மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கையில் கலர் கட்டைகளைக் கொடுத்து உட்காரவைத்தேன். பின்னால் போய் நின்று தட்டில் மெதுவாகத் தட்டினேன். முதல் பிள்ளை திரும்பியது. இரண்டாவது திரும்பியது. பதினெட்டும் திரும்பின. ஒரு பையன் திரும்பி, என்ன டீச்சர் என்று கேட்டான். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒன்றாவது திரும்பாமல் இருக்கக் கூடாதா என்று என் மனது நினைத்தது. அப்படி நினைத்தவள் நான்தான் என்பதை நம்ப முடியாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய் நின்றேன். உதவியாளர் அக்கா என்னிடம் எதுவும் கேட்காமல் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்.

திருச்சியில் பாப்பாவுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிச் சோதனை செய்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை, மிகப் பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டலாம் என்றார் டாக்டர். காது மெஷின் வைத்துச் சில மாதம் பார்த்தோம். பலனில்லை. காதுக்குள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன் செய்யலாம், வயது இன்னும் கடந்துவிடவில்லை, அரசாங்கக் காப்பீட்டில் செய்துகொள்ளலாம் என்றார்கள். மூன்று வயது முடிந்த மறு மாதம் ஆபரேஷன் நடந்தது.

புண் ஆறிய பிறகு கருவியை இயக்குகிற நாள் என்று ஒன்று உண்டு. சுற்றியிருந்த எல்லோரும் அது பெரிய சந்தோஷமான நாள் என்று சொல்லியிருந்தார்கள். கணவர் போனில் படம் எடுக்கத் தயாராக நின்றார். காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டுகிற, சத்தத்தை உள்ளே அனுப்புகிற வட்டச் சில்லைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்கள். பாப்பாவின் முகம் வெளிறியது. பிறந்ததிலிருந்து அந்த முகத்தில் நான் அப்படியொரு பயத்தைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தாள், வீறிட்டாள், தன் அழுகையைத் தானே கேட்டு இன்னும் பயந்து, சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் மடியில் ஏறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கணவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். அந்தப் படம் எங்களிடம் இல்லை.

கேட்கவும் பேசவும் பயிற்சி தருகிற அம்மா, இது இயல்புதான், முதலில் பத்து நிமிஷம் போடுங்கள், பிறகு கூட்டுங்கள் என்றார். வாரம் இரண்டு நாள் பெரம்பலூர் போய், அங்கிருந்து திருச்சி பஸ் பிடிப்போம். ஒருநாள் நான், ஒருநாள் அவர். கடையைப் பூட்டிவிட்டுப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறுவதைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் அவர்தான் அதிகம் செய்தார். பாப்பாவுக்குப் பின்னால் நின்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தண்ணி, பூனை, சோறு என்று ஒரே வார்த்தையை முப்பது முறை சொல்வார். முதல் ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை. ஏழாவது மாதம் ஒருநாள், சோறு என்று அவர் சொன்னதும் பாப்பா எழுந்து போய்த் தட்டை எடுத்துவந்தாள். அவர் முகம் மறைந்திருந்தது. அவள் பார்த்துச் செய்யவில்லை. கேட்டுச் செய்தாள். நான் அடுப்பை அணைக்க மறந்து, பால் பொங்கி வழிந்தது.

மையத்தில் இப்போது புதிதாக எந்தப் பிள்ளை சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே தட்டும் கரண்டியுமாகப் பின்னால் போய் நிற்கிறேன். இது என் வேலையில் எழுதியில்லை. உதவியாளர் அக்காவிடம், உங்களுக்கு எந்தப் பிள்ளையைப் பார்த்து எது தோன்றினாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது நிறையச் சொல்கிறார். பாதி தேவையில்லாதது. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. பேச்சு தெளிவில்லை. வெளியாட்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறோம். முதல் பெஞ்சில் உட்காரவைப்பதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். போன வாரம் பாலைக் குடிக்காமல் கொட்டியதற்காகத் திட்ட ஆரம்பித்தேன். பாப்பா என்னையே பார்த்தாள். பிறகு நிதானமாகக் கையை உயர்த்தி, காதுக்குப் பின்னாலிருந்த சில்லைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, நான் திட்டி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.